கையேந்தி பவனில் ஒரு வாரம்

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு ஓய்வு உண்டு. அவர் வீட்டு அடுப்புக்கு மட்டும் என்றைக்கும் ஓய்வு கிடையாது என்பது உலக வழக்கம். சென்ற மே மாதம் அந்த வழக்கம் நம் வீட்டில் மாறிப் போயிற்று. நம் இல்லத்து அம்மாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எட்டு நாள் பிறந்தகம் புறப்பட்டாள். புறப்படும்போது அரிசிப் பானையைக் காட்டி, "உங்களுக்கு ரசம் வைக்கத் தெரியுமல்லவா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னோம். சொன்னது பொய் என்பது முதல் நாள் பகல் பதினோரு மணிக்கே ருசுவாகிவிட்டது.

திருமுல்லைவாயிலில் நாம் குடியேறிப் பதினேழு வருஷம் ஆகிறது. இந்தப் பதினேழு வருஷத்தில் தெருவோரத் தள்ளுவண்டியில் நின்று ஒரு வேளைகூட நாம் உண்டதில்லை. மாணாக்கர் யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒன்று. நம் வயிறு என்ன நினைக்குமோ என்ற பயம் இன்னொன்று. தீய்ந்து போன ரசத்தைக் கண்டதும் கூச்சம், பயம் இரண்டும் ஓடிவிட்டன. அம்மாள் திரும்பி வரும் வரையில் பகலுணவை வண்டிகளிலேயே முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். அந்த வாரத்தில் உண்டதையும், உண்ட இடத்தில் கற்றதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெயரின் பொருள்

தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைக்குச் சென்னைவாசிகள் வைத்திருக்கும் பெயர் 'கையேந்தி பவன்' என்பது. பவன் என்று பெயர் முடிகிற பெரிய ஹோட்டல்களில் நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, பரிமாறுகிறவர் உண்டு. இங்கே அவை ஒன்றும் இல்லை. ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் நின்றபடியே உண்ண வேண்டும். ஆகவே கையேந்தி பவன். பெயர் வைத்த மகானுபாவர் யாரோ, நகைச்சுவை தெரிந்தவர். ஆனால் கையேந்துவது என்றால் பிச்சை கேட்பது என்றும் தமிழில் பொருள் உண்டு. அந்தப் பொருளும் உள்ளே இருப்பதனால்தான் சிரிப்பு வருகிறது. உழைத்துச் சமைப்பவரையும், காசு கொடுத்து உண்பவரையும் ஒருசேரச் சற்றே தாழ்த்திவிட்டு வரும் சிரிப்பு அது. நாமும் இத்தனை நாள் அப்படிச் சிரித்து வந்தவர்தாம்.

யானையை நிறுத்திய ஊர்

திருமுல்லைவாயில் சுந்தரர் பாடிய தலம். தலபுராணக் கதை இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். தொண்டைமான் குறும்பர்களோடு போரிடச் சென்றபோது அவனுடைய யானையின் காலை முல்லைக்கொடி பின்னிக்கொண்டது. வழியை மறித்த கொடியை அரசன் வாளால் வெட்டினான். கொடிக்கடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் வாள் பட்டு இரத்தம் பெருகிற்று. அரசன் பதறிப் போய்த் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முற்பட்டபோது இறைவன் காட்சி தந்தார். வெட்டுப்பட்ட மாசிலாமணீசுவரருக்கு இன்றும் சந்தனக் காப்புச் சாத்துகிறார்கள். பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒன்றை வெட்டப் போகிறவன், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இப்பொழுது இங்கே முல்லைக்காடு இல்லை. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1955 ஜனவரியில் அடுத்த ஊராகிய ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயமே நம் குறிக்கோள் என்று தீர்மானம் செய்தது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. திருமுல்லைவாயிலிலேயே மகளிருக்கென்று ஒரு தொழிற்பேட்டை உண்டு. கடைசல் பட்டறை, அச்சு வார்க்கும் பட்டறை, தையற்கூடம் என்று பத்துப் பேரும் இருபது பேரும் வேலை செய்கிற இடங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

இவர்களெல்லாம் மத்தியானம் எங்கே உண்கிறார்கள்? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில்தான் முதலாளி உணவுச்சாலை நடத்தவேண்டும் என்று சர்க்கார் கட்டளையிட முடிந்தது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 என்று குறைத்தது. நல்ல காரியந்தான். ஆனால் இருபது பேர் உள்ள பட்டறைக்கு இரண்டு சட்டத்திலும் வழியில்லை. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர முடியாதவனுக்கு வண்டிதான் உணவுச்சாலை. பன்னிரண்டரை மணிக்குப் பட்டறைக் கதவுகள் திறக்கும்போது சாலையோரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பதன் காரணம் இதுவே. வண்டிகள் வந்ததனால் ஜனங்கள் கூடவில்லை. ஜனங்களின் பசி வண்டிகளை அழைத்து வந்தது.

கூழும் குட்டி யானையும்

முதல் நாள் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. நேரே கூழ் வண்டிக்குப் போனோம். கேழ்வரகு மாவைக் கரைத்து முதல் நாளே புளிக்கவிட்டு, மறுநாள் நொய் வேகும் உலையில் ஊற்றிக் கிண்டி, ஆறிய பிறகு மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், மாங்காய்க் கீற்று, உரித்த சின்ன வெங்காயம், வேண்டியவர்களுக்குக் கருவாடு. ஒரு சொம்பு 30 ரூபாய். குடித்து முடித்ததும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஈரத் துணி போர்த்தியது போல் இருந்தது. இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதைக் கூழ்க்காரரிடம் சொன்னோம். அவர் வற்றல் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "எங்க ஆயா எல்லா வருஷமும் இதைத்தான் சார் கொண்டாடிச்சு" என்றார். கேள்வி கேட்டே பழகிய நமக்கு அன்று பதில் அகப்படவில்லை.

மறுநாள் பிரியாணி. அது தள்ளுவண்டி அல்ல, மோட்டார் வண்டி. 2005-ல் டாடா கம்பெனியார் 'ஏஸ்' என்ற சிறிய சரக்கு வண்டியை வெளியிட்டார்கள். நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டிவிட்டார்கள். யானை தடைப்பட்டு நின்ற ஊரில் இன்று குட்டி யானை தானாகவே வந்து நிற்கிறது. அதன் முதுகிலே அம்பாரிக்குப் பதில் பிரியாணி அண்டா! அண்டாவின் மூடியைத் திறந்ததும் பட்டையும் கிராம்பும் புதினாவும் கலந்து எழுந்த மணம் எதிர்ச் சாரியில் போனவர்களையும் திருப்பிப் பார்க்க வைத்தது. வாழையிலைத் துண்டு வைத்த தட்டில் சோறு, பக்கத்தில் கத்தரிக்காய்க் கூட்டு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. முன்பெல்லாம் தட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் சுடச்சுடப் பரிமாறுவார்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. தடையை மதிக்காத வண்டிகளையும் அந்த வாரத்தில் கண்டோம். இவர் மதிக்கிறார். 2020-ல் நோய்த்தொற்று ஊரடங்கில் ஓட்டுநர் வேலை போனபின் இந்த வண்டியைத் தொடங்கியதாகச் சொன்னார். "அப்போ சரக்கு ஏத்தினேன், இப்போ சோறு ஏத்தறேன்" என்பது அவர் சரித்திரச் சுருக்கம்.

நம் வகுப்புப் பையன்

புதன்கிழமை கலந்த சாத வண்டிக்குப் போனோம். புளிச்சாதம், எலுமிச்சஞ்சாதம், சாம்பார் சாதம், தயிர்ச்சாதம் என்று நான்கு பாத்திரம். எது கேட்டாலும் தட்டு 40 ரூபாய். உருளைக்கிழங்குப் பொரியலும் அப்பளமும் விலையில் அடக்கம். கறுத்து மெலிந்த ஓர் அம்மாள் கரண்டியும் கையுமாக நின்றாள். சுற்றிலும் கூட்டம். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, வங்கிக் காசாளரின் கழுத்துப் பட்டை, தையற்கூடத்துப் பெண்கள், வாடகை ஆட்டோக்காரர் எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்று உண்டார்கள். சென்னை ஹோட்டல்களில் 'பிராமணாள்' என்று பலகை மாட்டிப் பந்தியைப் பிரித்துப் போட்ட காலம் நம் பாட்டனார்கள் பார்த்த காலந்தான். இந்த வண்டியைச் சுற்றிப் பந்தியும் இல்லை, பலகையும் இல்லை.

தட்டைக் கையில் வாங்கிய அதே கணத்தில், வண்டிக்குப் பின்னால் குந்தித் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். நம் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன்! அவன் முகம் வெளுத்தது. நம் முகம் எப்படி இருந்ததோ, அவனைத்தான் கேட்கவேண்டும். கடந்த வருஷத்தில் முதல் பாடத்துக்கு அவன் தாமதமாக வந்த நாட்கள் பல. 'சோம்பேறி' என்று சொல்லி வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் பல நாள்.

"சார் வந்திருக்கார், அம்மா" என்றான் ஈனசுரத்தில்.

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்க சார், வாங்க. உக்கார வைக்கக்கூட இடமில்லையே! பையன் நல்லாப் படிக்கிறானா சார்?"

"நன்றாகத்தான் படிக்கிறான், அம்மா."

"காலையில மூணு மணிக்கு எங்களோட எழுந்துடுவான் சார். வெங்காயம் உரிச்சு, தண்ணி பிடிச்சு வச்சுட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான். சில நாள் நேரமாயிடும். நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையாமே! நல்ல மனசு சார் உங்களுக்கு."

பையன் தலை நிமிரவில்லை. வெளியே நின்ற விவரத்தை அவன் வீட்டில் சொன்னதே இல்லை என்பது நமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. எலுமிச்சஞ்சாதம் பிரமாதமாக இருந்தது. ஆனால் தொண்டையில் இறங்குவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

வண்டியின் கணக்கு

கூட்டம் குறைந்த பிறகு அந்த அம்மாளிடம் வரவு செலவு கேட்டோம். ஒளிக்காமல் சொன்னாள். ஒரு நாளைக்கு 10 கிலோ அரிசி. 90 தட்டு விற்றால் 3,600 ரூபாய். இதில் அரிசிக்கு 550, பருப்பு, காய், எண்ணெய், மசாலைச் சாமான்களுக்கு 1,000, எரிவாயுவுக்கு 350, இலைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் 200, வண்டி தள்ளி உதவும் ஆளுக்கு 400, தண்டலுக்கு 100. ஆகச் செலவு 2,600. மீதி 1,000 ரூபாய். புருஷன், மனைவி இருவரும் விடியற்காலம் மூன்று மணியிலிருந்து மாலை நான்கு மணி வரையில் உழைத்ததற்கு உள்ள கூலி அது. மழை பெய்தால் அதுவும் இல்லை. மிஞ்சிய சோற்றை வீட்டார் உண்ணவேண்டியதுதான்.

தண்டல் என்பது சென்னையில் அன்றாடம் வசூலிக்கும் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாளில் கட்டவேண்டும். தினமும் முதல் குறைந்துகொண்டே போவதைக் கணக்கிட்டால், வருஷ வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்குப் போட்டால், இவ்வளவு வட்டிக்கு யார் கடன் வாங்குவார்கள் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"முன்னே வேற இடத்துல கடை போட்டிருந்தோம் சார்" என்று அந்த அம்மாளே தொடர்ந்தாள். எந்த இடம், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு லாரி வந்தது. முன்னறிவிப்பு இல்லை. வண்டியை அப்படியே தூக்கி ஏற்றினார்கள். பாத்திரங்களில் அறுபது பேருக்குச் சோறு இருந்தது. அதையாவது கொடுங்கள் என்று கேட்டபடியே லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாளாம். ஐந்தாம் நாள் வண்டி திரும்பி வந்தது, பாத்திரங்கள் திரும்பவில்லை. புதுப் பாத்திரம் வாங்கத்தான் முதல் தண்டல். "ரோட்டுல நிக்கறது எங்க தப்புதானே சார்! யாரைப் போய்க் கேக்கறது?" என்று முடித்தாள்.

அது தப்புத்தானா என்று பட்டம் பெற்ற நமக்கும் அன்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வாளித் தண்ணீர்

வண்டிகளைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையான சாட்சி ஆகமாட்டோம். வியாழக்கிழமை ஒரு வண்டியருகே போய்த் திரும்பிவிட்டோம். அங்கே இருபது தட்டுகளையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார்கள். கடைசித் தட்டு முக்கப்படும்போது அந்தத் தண்ணீர் சாம்பாருக்குத் தம்பி முறையாகிவிட்டது. வாந்திபேதி, மஞ்சட்காமாலை, விஷக்காய்ச்சல் இவை யாவும் வருவதற்கு அந்த வாளி ஒன்றே போதும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு வண்டிக்காரர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்களே.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. குழாய் இல்லாத இடத்தில் நிற்பவர் எங்கே போய்த் தட்டுக் கழுவுவார்? சாதம் விற்கும் அம்மாள் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறாள். எல்லாரும் வாங்குவதில்லை. நாளைக்கு இந்த இடத்தில் நிற்போமா என்பதே நிச்சயமில்லாதவர், நிரந்தரமான தொட்டியும் மூடிய குப்பைக்கூடையும் எப்படி வைப்பார்? சுத்தத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சுத்தத்துக்கு வேண்டிய தண்ணீரையும் இடத்தையும் கொடுக்கும் கடமை நகரசபைகளுக்கு உண்டு. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்பது, சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுது என்று பையனை மிரட்டுவது போலத்தான்.

பாட்னாவும் ரங்கூனும்

வெள்ளிக்கிழமை நம் பகலுணவு பீகார் தேசத்துப் பண்டம். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இன்று பீகார், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் திரளாக வேலை செய்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வண்டியில் 'லிட்டி' சுட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். வறுத்த கடலை மாவில் பூண்டும் ஓமமும் கடுகெண்ணெயும் பிசைந்து, கோதுமை மாவுருண்டைக்குள் பூரணமாக வைத்துத் தணலில் சுட்டது. தொட்டுக்கொள்வதற்குச் சுட்ட கத்தரிக்காய் மசியல். நம் ஊர்க் கத்தரிக்காய்க் கொத்சுவுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்லலாம். பக்கத்தில் நின்ற இளைஞன் நாம் உண்பதைப் பார்த்து, அரைத் தமிழில், "நல்லா இருக்கா அண்ணா?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றதும் தானே சமைத்தவன் போல் மகிழ்ந்து போனான்.

சனிக்கிழமை மின்ரயிலேறிக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போய் இறங்கினோம். எதிரே 1969-ல் ஏற்பட்ட பர்மா பஜார். 1962-ல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடை கண்ணிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த சொத்தில் சுங்கச்சாவடியில் பிடிபடாதது நாவின் ருசி ஒன்றுதான். அதுவே இன்று வடசென்னை முழுதும் பெயர் பெற்ற 'அத்தோ.' வேக வைத்த பருமனான நூலடையை, முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மொறுமொறுப்பான அடையை நொறுக்கித் தூவித் தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டுச் சாறு ஒரு கிண்ணம். நாடிழந்து வந்தவர்களுக்கு முதலில் சோறு போட்டது பெரிய முதலீடு அல்ல. அடுப்பும், பலகையும், நடைபாதையில் நாலடி இடமுந்தான்.

சீமையிலும் வண்டிகள்

இது நம் தேசத்து வறுமையின் விளைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1872-ல் பிராவிடென்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு ஏற்றி, பத்திரிகை அலுவலகங்களில் இராவேலை செய்வோருக்கு விற்றார். 2008-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ராய் சோய் என்பவர் கொரிய நாட்டு இறைச்சியை மெக்ஸிகோ நாட்டு ரொட்டியில் சுருட்டித் தந்த லாரியைத் தேடி, பெருங்கூட்டம் தெருத்தெருவாய் அலைந்தது. நியூயார்க் நகரத்து வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில், யாழ்ப்பாணத்திலிருந்து போன திருக்குமார் என்ற தமிழர் தள்ளுவண்டியில் தோசை வார்த்துப் புகழ் பெற்றார். 2007-ல் அந்நகரத்துத் தெரு வியாபாரிகளுக்கான போட்டியில் முதற்பரிசு அவருடைய வண்டிக்குத்தான் கிடைத்தது. நம் ஊரில் கையேந்தி பவன் என்று சிரிக்கிறோம். அங்கே அதே தோசைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் சிங்கப்பூர். அங்கே தெருவெல்லாம் வண்டிகள் நின்ற காலத்தில் குப்பையும் சாக்கடையும் பெருந்தொல்லையாக இருந்தன. சர்க்கார் 1960-களின் கடைசியில் வியாபாரிகளையெல்லாம் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரையில் குழாயும் வடிகாலும் கூரையும் உள்ள உணவுக் கூடங்களைக் கட்டி அவர்களைப் படிப்படியாகக் குடியேற்றிற்று. அத்தகைய கூடங்கள் இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அவற்றில் அருகருகே அமர்ந்து உண்கிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தையே மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பதினைந்து வருஷம் பொறுமையாகச் செய்த வேலையின் பயன் அது.

சட்டம் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை பட்டறைகளுக்கு விடுமுறை, வண்டிகளும் குறைவு. அன்று வாழைப்பழமும் மோருமாக முடித்துக்கொண்டு, புதன்கிழமை எழுந்த கேள்விக்கு விடை தேட உட்கார்ந்தோம். தேடியதில் நமக்கே வெட்கமாகிவிட்டது. விடை பல வருஷங்களாகவே அச்சில் இருக்கிறது.

1989-ல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் 19-ஆவது பிரிவில் கொடுத்திருக்கும் தொழில் உரிமையைச் சேர்ந்ததே, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு மட்டும் உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2014-ல் பார்லிமெண்டு தெரு வியாபாரிகளின் பிழைப்பைக் காக்கத் தனிச் சட்டமே செய்தது. அவ்வருஷம் மே முதல் தேதி அது அமலுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரையில் ஒருவரையும் அப்புறப்படுத்தலாகாது. ஊர்தோறும் விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்மைப் பிடித்து நிறுத்தியது 19-ஆவது பிரிவு. சாமான்களைக் கைப்பற்றினால் அங்கேயே பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகாத சாமானை, உரியவர் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். கெட்டுப்போகும் பண்டமாக இருந்தால் கேட்ட அன்றைய தினமே திருப்ப வேண்டும். லாரியின் பின்னால் ஓடிய அம்மாள் கேட்டது பிச்சை அல்ல. சட்டத்தின் வாசகத்தைத்தான் அவள் தன் பாஷையில் கேட்டிருக்கிறாள்.

கடனுக்கும் வழி இருக்கிறது. 2020-ல் மத்திய சர்க்கார் தெரு வியாபாரிகளுக்கென்று ஈடில்லாக் கடன் திட்டம் தொடங்கிற்று. முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது. 2025-ல் 15,000 ஆக உயர்த்தினார்கள். ஒழுங்காகக் கட்டுவோருக்கு வட்டியில் 7 சதவிகிதம் மானியம். ஆனால் விற்பனைச் சான்றிதழோ, நகரசபையின் சிபாரிசுக் கடிதமோ வேண்டும். ஆக, ஒரு காகிதம் இருந்தால் வண்டிக்கு இடமும் உண்டு, தண்டலிலிருந்து விடுதலையும் உண்டு. அந்தக் காகிதம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். அவசியம் வேண்டும். கண் தெரியாதவரும் கைக்குழந்தைக்காரியும் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலையில் இறங்க நேர்வது அநியாயம். அதற்காகத்தான் விற்கக்கூடிய இடம், கூடாத இடம் என்று பிரிக்கும்படி சட்டமே சொல்கிறது. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பேச்சு இந்தப் பக்கத்தில் வெகு காலமாக நடந்து வருகிறது. சாலை அகலட்டும். ஆனால் வரைபடம் எழுதும்போதே, மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு இங்கே யார் பசியோடு வருவார்கள் என்பதையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளட்டும். கொடியை வெட்டிவிட்டுப் பிற்பாடு சந்தனம் பூசுவது எதற்கு?

எட்டாம் நாள்

திங்கட்கிழமை மறுபடியும் சாத வண்டிக்குப் போனோம். சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தோம். கூட்டம் கலைந்ததும் அதைப் பையனிடம் கொடுத்து, "படி" என்றோம். வகுப்பில் எழுந்து நின்று படிப்பது போலவே உரக்கப் படித்தான். அம்மாள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். 'அன்றைய தினமே' என்ற வார்த்தை வந்ததும், "அதை இன்னொரு வாட்டி படிடா" என்றாள். அவன் படித்தான்.

"இதைக் காட்டினா வண்டியைத் தூக்க மாட்டாங்களா சார்?"

மெய்யைத்தானே சொல்லவேண்டும்! "அப்படிச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் ஏன் என்று கேட்கலாம், பட்டியல் கேட்கலாம், அன்றைக்கே திருப்பிக் கேட்கலாம். முதலில் சான்றிதழுக்கு மனுக் கொடுங்கள். எழுதித் தருகிறோம்" என்றோம். அன்று சாயங்காலமே நமக்கும் அந்தப் பையனுக்கும் அதுதான் வேலையாக இருந்தது. அம்மாள் நம்மிடம் சாதத்துக்குக் காசு வாங்க மறுத்தாள். நாம் பிடிவாதமாகக் கொடுத்தோம். இரு தரப்பிலும் கையேந்துவோர் யாரும் இல்லை என்பது நிலைநாட்டப்பட வேண்டாமா?

நேயர்களில் பலர் வீட்டில் உண்பவர்கள். வண்டியை நாடவேண்டிய அவசியம் இல்லாதவர்கள். ஆனால் மனு எழுதத் தெரிந்தவர்கள். உங்கள் தெருமுனையில் நிற்கும் வண்டிக்காரரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு முறை விசாரியுங்கள். உங்கள் வார்டுச் சபையில் குழாயும் இடமும் கேளுங்கள். அசுத்தமான வாளியைக் கண்டால் தயங்காமல் கண்டியுங்கள். சுத்தமான வண்டியைக் கண்டால் கூச்சப்படாமல் நின்று உண்ணுங்கள்.

அம்மாளும் குழந்தைகளும் அன்றிரவு திரும்பி வந்தார்கள். "தினம் ரசம் வைத்தீர்களா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னோம். மறுவாரமே குடும்பத்தோடு அந்த வண்டிக்குப் போய் நின்றோம். புளிச்சாதத்தில் வெந்தயம் ஒரு சிட்டிகை கூடுதல் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள், சாதக்கார அம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பையன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். முதல் வாரத்திலேயே ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமாக வந்து, பழக்கப்படி கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். "உள்ளே வா" என்றோம்.